மாநாட்டுக்கா வந்தீங்க?

மணி ஏழே முக்கால். கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்த இடத்தில் மாநாடு இல்லை. மாநாடு நாலு கிலோமீட்டர் தள்ளி, வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒன்பதரைக்குத் தொடங்க இருந்தது. ஆறு மாதமாக அதற்காக ஓடி ஓடி உடம்பு பாதியாகிப்போன மனிதனோ பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வாசலில், ஆடிக் காற்று சட்டையைப் பிடித்து இழுக்க, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்து "மாநாட்டுக்கா வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் இந்தக் கல்லூரியில்தான் நடப்பதாக இருந்தது. பத்து நாளைக்கு முன்னால் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அரசு வேலைத் தேர்வுக்காகக் கல்லூரி முழுவதையும் கேட்டுவிட்டார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். அவரும்தான் என்ன செய்வார். நல்லவேளை, ஆடி மாதம். ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? கூடச் சேர்ந்து மாநாட்டை நடத்துகிற பியூலா வீட்டுக்கு அடுத்த தெருவில் மண்டபம் வைத்திருப்பவர், "சும்மா பூட்டித்தான கெடக்கு, நடத்துங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். இடம் மாறிய செய்தியை, கட்டணமில்லாமல் பதிவு செய்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மின்னஞ்சலில் அனுப்ப, கோமதிநாயகம் தன் கையாலேயே ஒரு கணினி நிரல் எழுதினான். எழுதியவன் ஜாக்கிரதைக்காரன். தப்பாக எதுவும் போய்விடக்கூடாதே என்று அதில் 'ஒத்திகை' என்று ஒரு வரி வைத்தான். அதில் 'ஆம்' என்று இருந்தால் அஞ்சல் அவன், பியூலா, அந்தோணி என்று மாநாட்டை நடத்துகிற மூன்று பேருக்கு மட்டும் போகும். 'இல்லை' என்று மாற்றினால்தான் ஊருக்குப் போகும். அவன் மாற்றவில்லை. மூன்று பேருக்கும் அஞ்சல் வந்தது. மூன்று பேரும் படித்துப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லை, அருமை, அருமை என்று ஒருத்தரையொருத்தர் பாராட்டிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரு கொத்தனாரோ தையல்காரரோ இப்படி ஒரு தப்பைச் செய்யவே முடியாது. நிரல் எழுதுகிறவன் மட்டும்தான் இவ்வளவு கவனமாக இருந்து இவ்வளவு பெரிதாகக் கோட்டைவிட முடியும். இன்று காலை ஏழு மணிக்கு, மாநாட்டு இணையதளத்தில் போட்டிருந்த அவன் நம்பருக்கு எவனோ ஒருவன் கூப்பிட்டு, "அண்ணே, காலேஜ் வாசல்ல நிக்கோம், ஹால் டிக்கெட் கேக்காங்க" என்று சொன்னபோதுதான் அவனுக்குப் பகீரென்றது. உடனே மாற்றினான், உடனே அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டு வருகிறவன் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பான் என்று நம்புகிற அளவுக்கு அவன் அப்பாவி இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டான்.

வாசல் முழுக்கத் தேர்வு எழுத வந்த கூட்டம். ஆயிரம் பேர் இருப்பார்கள். கைக்குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு ஹால் டிக்கெட்டைத் தேடுகிற பெண்கள், கடைசி நேரத்தில் பொது அறிவுப் புத்தகத்தை முணுமுணுக்கிற ஆண்கள், பேனாவைக் கையில் கிறுக்கிச் சரிபார்க்கிறவர்கள். இந்தக் கடலில் தன் ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதல் கால் மணி நேரம் திணறினான். பிறகு பிடி கிடைத்துவிட்டது. தேர்வுக்கு வந்தவர்களிடம் கண்ணாடித்தாள் உறையும் ஒரு பேனாவும்தான் இருக்கும். நம்ம ஆட்கள் முதுகில் பை புடைத்திருக்கும், பை வாயிலிருந்து சார்ஜர் ஒயர் தொங்கும். தேர்வுக்கு வந்தவர்கள் நேராகப் பலகையில் ஒட்டிய பட்டியலைப் பார்ப்பார்கள். நம்ம ஆட்கள் யாரிடமும் எதுவும் கேட்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள், கேட்டால் கௌரவம் போய்விடும் என்பதுபோல. அவர்களில் ஒருவனாக இருபது வருஷம் இருந்தவனுக்கு அவர்கள்மேல் ஒரு வாஞ்சை பொங்கி வந்தது. இந்தப் பிள்ளைகள் ராஜபாளையத்திலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்திருக்கின்றன, ஒருத்தருக்கும் ஒரு வாய் திறந்து கேட்கத் தெரியவில்லை. "மாநாட்டுக்கா வந்தீங்க? இடம் மாறிட்டு. வண்ணார்பேட்டை, கல்யாண மண்டபம். மன்னிச்சுக்கோங்க. சாப்பிட்டியளா? அங்க போயி மொதல்ல சாப்பிடுங்க." இதையே முப்பது தடவை சொல்லியிருப்பான். வாட்ச்மேன் வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்து, "எந்தக் கட்சி சார்?" என்றார். "கட்சி இல்ல அண்ணாச்சி, கம்ப்யூட்டர்." "கம்ப்யூட்டருக்கு எதுக்கு மாநாடு?" அவனிடம் பதில் இருந்தது, ஆனால் அதற்குள் பை புடைத்த ஒருவன் திரும்பிப் போவதுபோல் தெரிந்தது, பின்னாலேயே ஓடினான்.

ஓடும்போதும் மூச்சு வாங்கும்போதும் மனசு ஒரே இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. மாரீஸ்வரி. வருகிற முந்நூறு பேரும் அலைந்தால் திட்டுவார்கள், திட்டிவிட்டு ஒரு டீயைக் குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அவள் அப்படி இல்லை. அவள் பேச வருகிறவள். பத்து மணிக்கு முதல் பேச்சே அவளுடையது. கயத்தாறில் நெடுஞ்சாலை ஓரம் அவள் அப்பா ஓர் எடைமேடை வைத்திருக்கிறார். லாரி ஏறும், எடை போடுவார்கள், சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டு அடிப்பதற்கு அவளே ஒரு நிரல் எழுதியிருந்தாள், தமிழில் அச்சாகிற மாதிரி. மார்ச் மாதம் அவளிடமிருந்து ஓர் அஞ்சல் வந்தது: 'நான் கல்லூரி முடிக்கவில்லை. நான் பேசலாமா?' அதைப் படித்தபோது கோமதிநாயகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எச்சில் கையோடு, இடது கையால் ஒற்றை விரலில் 'பேசலாம்' என்று தட்டி அனுப்பினான். அதற்கப்புறம் அவள் ஐந்து தடவை பின்வாங்கினாள், ஐந்து தடவையும் அவன் விடவில்லை. ஒரு தடவை கணினி வழியாகப் பேசிப் பார்த்தார்கள். அவள் கேமராவைப் போடவில்லை. கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், பின்னால் லாரி ஹாரன், நடுவில் யாரோ "ஏட்டி மாரி, சில்லறை இருக்கா?" என்று கேட்கிற சத்தம். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிரலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அந்த நிமிஷமே, இவளைத்தான் முதலில் பேச வைக்கவேண்டும் என்று அவன் முடிவு செய்துவிட்டான். போன வாரம் கடைசியாக ஓர் அஞ்சல் போட்டிருந்தாள். அது இப்போது அவனுக்கு மனப்பாடம். 'அப்பா வேண்டாம் என்கிறார். காரணமில்லாமல் யாரும் எதையும் சும்மா செய்ய மாட்டார்கள் என்கிறார். ஆனாலும் நான் வருகிறேன் சார். இடம் மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள். அலைந்து திரிந்தேன் என்று தெரிந்தால் இனிமேல் எங்கேயும் விடமாட்டார்.' அதற்கு அவன் என்ன பதில் போட்டான்? 'கவலையே படாதீர்கள், எல்லோருக்கும் அஞ்சல் வரும்.' எல்லோருக்கும் அஞ்சல் வரும்! தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. இன்று காலை அவளுக்குத் தனியாகவும் ஒன்று அனுப்பினான். பதில் இல்லை. அவள் போன் நம்பர் அவனிடம் இல்லை. யார் நம்பருமே இல்லை. பதிவுப் படிவத்தில் போன் நம்பர் கேட்கவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றது அவன்தான். "சும்மான்னு சொல்லிட்டு நம்பர வாங்குனா அது சும்மா இல்ல பியூலா, அதுவும் ஒரு வெலதான்" என்று பெரிய தத்துவம் பேசினான். பியூலா அன்றைக்கே சொன்னாள்: "ஒருநாள் இல்ல ஒருநாள் இதுக்காக நீ ரோட்டுல நிக்கப்போற." இதோ, ரோட்டில்தான் நிற்கிறான். பியூலா சொன்னது பலிக்காமல் போனதாக அவன் நினைவில் ஒன்றுகூட இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள், அப்போதும் இதே கதைதான்.

மாரீஸ்வரிக்கு என்ன வயதிருக்கும், இருபத்து மூன்று? இருபத்தைந்து? கட்டை குட்டையா, நெட்டையா? அவளிடம் முதுகுப்பை இருக்குமா? இருக்காது என்று திடீரென்று தோன்றியது. எடைமேடையில் ஏது முதுகுப்பை? ஒரு துணிப்பையில் கணினியை வைத்துக் கட்டியிருப்பாள், பார்த்தால் தேர்வுக்கு வந்தவள் மாதிரியே இருப்பாள், தேர்வுக் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய் ஏதோ ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருப்பாள், யாரிடமும் கேட்கமாட்டாள், மணி பத்தடித்ததும் அழுதுகொண்டே அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். அந்த நினைப்பு வந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குள் எட்டி எட்டிப் பார்த்தான். நீலச் சுடிதாரில் ஒருத்தி பலகையைப் பார்க்காமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். போய்க் கேட்டான்: "ஏம்மா, நீங்க மாரீஸ்வரியா?" அவள் திடுக்கிட்டு, "ஆமா சார்" என்றாள். அப்பாடா என்று இவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எவ்வளவு நேரமாத் தேடுதேன் தெரியுமா? வாங்க, ஆட்டோ பிடிச்சு விடுதேன்." அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். "எதுக்கு சார்? ஹால் டிக்கெட்ல போட்டோ சரியில்லையா? நான் கெசட்டட் ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன் சார்." அந்தப் பக்கத்தில் நாலு வீட்டுக்கு ஒரு மாரீஸ்வரி உண்டு என்பதை அவன் எப்படி மறந்தான்? இவள் விளாத்திகுளம் மாரீஸ்வரி. மன்னிப்புக் கேட்டு, தேர்வு நல்லா எழுதும்மா என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு, வாட்ச்மேன் பார்வையைத் தவிர்ப்பதற்காக எதிர்ப்புறம் டீக்கடையைப் பார்த்தான். அது ஒரு கண்ணாடிக் கதவு போட்ட டீக்கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் வாயசைத்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், சத்தம் கேட்கவில்லை. சத்தமில்லாமல் அசைகிற வாய். பெங்களூர். அந்தக் கதவும் கண்ணாடிதான். இருபத்தொரு வயதில், ராத்திரி முழுக்க ரயிலில் நின்றுகொண்டே போய், பெரிய ஓட்டல் ஒன்றில் நடந்த மாநாட்டு வாசலில் இறங்கினான். கட்டணம் என்று ஒன்று உண்டு என்பதே அவனுக்கு அங்கே போய்த்தான் தெரியும். காவலாளி விரட்டவில்லை, நல்ல மனுஷன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொள் என்றார். நின்றான். உள்ளே மேடையில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார், பின்னால் திரையில் எழுத்துகள் மாறிக்கொண்டே இருந்தன, எல்லோரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். என்ன சொல்லிச் சிரிக்கவைத்தார் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. திரையில் கண்ணுக்கு எட்டியதை நோட்டில் எழுதிக்கொண்டான். அன்றைக்கே மனதில் சபதம் எடுத்தான் என்று கதையில் எழுதுவார்கள். அவன் ஒரு சபதமும் எடுக்கவில்லை. கால் வலித்தது, பசித்தது, ஊருக்குத் திரும்பி வந்தான். ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் எங்கேயோ உள்ளே தங்கிவிட்டது. என்ன சொன்னார்? எதற்குச் சிரித்தார்கள்? இப்போது, நாற்பத்திரண்டு வயதில், தான் நடத்துகிற மாநாட்டுக்கே வெளியே நிற்கிறான் என்பது அவனுக்கு உறைத்தது. கோபம் வரவில்லை, கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது.

போன் அடித்தது. பியூலா. "கோமதி, எங்க நிக்க நீ?" என்றாள். கோமதி என்று கூப்பிடாதே என்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "வாசல்லதான். எத்தன பேரு வந்திருக்காங்க?" "நூத்து நாப்பது தாண்டிட்டு, காலையில அனுப்புன அஞ்சலப் பாத்தே முக்காவாசிப் பேரு வந்துட்டாங்க. பொங்கல் காலியாகப்போகுது, அந்தோணி ரெண்டாவது ஈடு வைக்கச் சொல்லிட்டான். மேடையில மாப்ள பொண்ணு உக்காருத சிம்மாசனம் ரெண்டு கெடக்கு, நகத்த முடியல, தரையில அடிச்சி வச்சிருக்காங்க. பேசுதவங்க அதுலதான் உக்காரணும். நீ கெளம்பு. ஒம்பதரைக்கு வரவேற்புரை நீதான." வரவேற்புரை! சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான், மடித்த தாள் இருந்தது. இரண்டு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்திருக்கிறான். மனைவி அடுக்களையிலிருந்து, "அன்பார்ந்தன்னு ஆரம்பிக்காதீங்க, ஓட்டுக் கேக்க வந்த மாதிரி இருக்கு" என்று திருத்தம் சொல்லியிருக்கிறாள். இந்தச் சட்டையே அதற்காக எடுத்ததுதான், இப்போது அக்குளில் வேர்வை வட்டம் போட்டிருக்கிறது. "மாரீஸ்வரி வந்தாச்சா?" என்றான். "எந்த மாரீஸ்வரி? யாரு மூஞ்சி எனக்குத் தெரியும்? இங்கன எறும்பு மாதிரி மொய்க்காங்க. நீ வா." "நான் வரல. நீ பேசு." "பைத்தியமால உனக்கு? ஆறு மாசம் தூங்காம ஒழைச்சிருக்க." "அவ இங்க வந்து நின்னா யாரு சொல்லுவா, பியூலா? இடம் மட்டும் சரியாச் சொல்லுங்கன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா." பியூலா பெருமூச்சு விட்டு வைத்துவிட்டாள். ஒன்பதரை ஆனது. இந்நேரம் அவள் மேடை ஏறியிருப்பாள், மைக்கைத் தட்டியிருப்பாள், தான் பாடம் எடுக்கிற வகுப்பில் சத்தம் போடுகிற பையன்களை அடக்குகிற அதே குரலில் வணக்கம் சொல்லியிருப்பாள். இங்கே நான் என்ன செய்கிறேன்? ஏழே முக்காலிலிருந்து வாங்க, வாங்க, சாப்பிட்டியளா என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பையிலிருக்கிற தாளிலும் கிட்டத்தட்ட அதுதான் எழுதியிருக்கிறது, என்ன, இலக்கணமாக எழுதியிருக்கிறது. மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உடனே அடுத்த பயம் வந்தது. ஒருவேளை மாரீஸ்வரி கிளம்பவே இல்லையோ? அப்பா விடவில்லையோ? அப்படியென்றால் இந்தத் தப்பே தப்பில்லை, அவன் தப்பித்தான். இப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவள் வரட்டும். அலைந்தாவது வரட்டும். என்னைத் திட்டட்டும். மூலைக்கரைப்பட்டி பஸ் வந்தது, நின்றது, மூன்று பேர் இறங்கினார்கள், இரண்டு ஆண்கள், கோழி வைத்திருந்த ஓர் அம்மா.

ஒன்பது நாற்பத்தைந்துக்குத் தேர்வு மணி அடித்தது. வாசலை இழுத்துச் சாத்தினார்கள். ஆயிரம் பேரும் உள்ளே போய்விட, தெரு பொசுக்கென்று காலியாகிவிட்டது. குழந்தைகளை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற மாமியார்களும், காற்றில் உருளுகிற தண்ணீர் பாட்டிலும், கோமதிநாயகமும் மட்டும் மிச்சம். இனி யார் நின்றாலும் பளிச்சென்று தெரியும். யாரும் நிற்கவில்லை. போன் மறுபடி அடித்தது. "கோமதி, அவ இங்கதான் இருக்கா." "யாரு?" "யாரா? உன் மாரீஸ்வரிதான். ஏழு மணிக்கே வந்துட்டாளாம். கதவத் தெறந்ததே அவளுக்குத்தான். கடைசி வரிசையில தூணு மறைவுல உக்காந்திருந்திருக்கா, இப்ப பேரச் சொல்லிக் கூப்பிடவும் எந்திரிச்சி வாரா." அவன் கல்லூரிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "அவளுக்கு எப்படித் தெரியும்? அஞ்சல் போகலயே." "கேட்டேன். நீதான் தளத்தோட நிரலெல்லாம் எல்லாரும் பாக்கட்டும்னு தெறந்து வச்சிருக்கியே. அஞ்சல் வரலன்னு அவ அதுக்குள்ள போயிப் பாத்திருக்கா. இடத்த மாத்துன வரி கண்ணுல பட்டிருக்கு. அதுமட்டுமில்ல, உனக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருக்காளாம், புதன்கிழமையே. நீ பாக்கலயாம்." புதன்கிழமையா? போனில் தேடினான். நாற்பத்தொரு அறிவிப்புகள் படிக்காமல் கிடந்தன. பேனரில் எந்த நிறம் என்று மூன்று நாள் சண்டை போட்டதில் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. 'எடைமேடை' என்ற பெயரில் ஒன்று இருந்தது. காலை ஐந்து ஐம்பத்திரண்டு. ஒரே ஒரு வரித் திருத்தம்: ஆம் என்று இருந்ததை அடித்து, இல்லை என்று போட்டிருந்தாள். கீழே குறிப்பு: 'ஒத்திகை இன்னும் ஆம் என்றே இருக்கிறது. அஞ்சல் யாருக்கும் போகவில்லை என்று நினைக்கிறேன். தெரிந்தே வைத்திருந்தால் மன்னிக்கவும்.' தெரிந்தே வைத்திருந்தால் மன்னிக்கவும்! வெட்கத்தில் காது மடல் சுட்டது, அதே சமயம் தெருவென்றும் பாராமல் ஒரு குதி குதிக்கவேண்டும்போலவும் இருந்தது. இவன் அவளைக் காப்பாற்ற இங்கே நிற்கிறான். அவளோ புதன்கிழமையே இவனைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள், இவன் அதை ஏற்று ஓர் அமுக்கு அமுக்கியிருந்தால் முடிந்தது வேலை. "பியூலா, போனை வைக்காத. மைக்குப் பக்கத்துல வையி." "நீ வரலாம்ல?" போகலாம்தான். ஆனால் கடைசியாக ஒருத்தர் வந்தால்? பத்தேகால் வரைக்கும் நின்றுவிட்டுப் போகலாம். போனைக் காதோடு அழுத்தினான். நாற்காலி நகர்கிற சத்தம், இருமல், மண்டபத்து மின்விசிறி. பிறகு அந்தக் குரல், அதே நடுக்கம். "வணக்கம். நான் கயத்தாறுலருந்து வாரேன்." கண்ணை மூடிக்கொண்டான்.

"மாநாடா? அந்தா போனக் காதுல வச்சிக்கிட்டு நிக்காருல்லா, அவருகிட்ட கேளுங்க" என்று வாட்ச்மேன் யாரிடமோ சொல்வது கேட்டுக் கண்ணைத் திறந்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வேகமாக வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மாநாட்டுக்கா வந்தீங்க?" என்றான் கோமதிநாயகம், பழக்கத்தில்.

"மாநாடுமில்ல ஒண்ணுமில்ல. எம் மவ வந்திருக்கா. நோட்டீசுல இந்த எடத்தத்தான் போட்டிருந்திச்சி. இங்க என்னமோ பரீச்ச நடக்குதுங்காங்க. மாரீஸ்வரின்னு பேரு. பாத்தீயளா?"

இவர்தான் அது. இடம் மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள். அலைந்து திரிந்தது தெரிந்தால் இனிமேல் எங்கேயும் விடமாட்டார். அலைந்தது அவள் இல்லை, இவரே அலைந்திருக்கிறார், ஒரு மாநாட்டுக்கு இதைவிடப் பெரிய சர்வநாசம் என்ன வேண்டும்? பொய் சொல்லலாமா என்று அரை நொடி யோசித்தான். "அவ பத்திரமா இருக்கா அண்ணாச்சி, வண்ணார்பேட்டையில. எடம் மாறிட்டு. எல்லாருக்கும் சொல்லவேண்டியது நான். சொல்லாம விட்டுட்டேன். என் தப்பு. அவளாக் கண்டுபிடிச்சிப் போயிட்டா."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

"நாந்தான் நடத்துதேன்."

"நடத்துதவரு இங்க என்ன செய்தீய?"

"வழி தெரியாம வாரவங்களுக்குச் சொல்லதுக்குத்தான் நிக்கேன்."

"சும்மா நடத்துனா இப்பிடித்தான் இருக்கும்" என்றார் அவர். பிறகு, ரொம்ப நாளாக யாரிடமாவது கேட்கவேண்டும் என்று வைத்திருந்ததைப்போல, குரலைத் தாழ்த்தி, "எதுக்குங்க சும்மா நடத்துதீய? சோறும் போடுதீயளாம். உங்களுக்கு இதுல என்ன கெடைக்கு?" என்றார்.

இதற்குத்தான் அவனிடம் நாலு பக்கத்துக்குப் பதில் உண்டு. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். காதோரம் அந்தக் குரல் ஓடிக்கொண்டே இருந்தது, நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. பேசாமல் போனை எடுத்து அவர் காதில் வைத்தான்.

அவர் முதலில் தலையைப் பின்னால் இழுத்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். "மாரியா?" என்றார் போனுக்குள். "அவளுக்குக் கேக்காது அண்ணாச்சி. மேடையில பேசிக்கிட்டிருக்கா. முந்நூறு பேரு கேக்காங்க" என்றான், நூற்றுச் சொச்சத்தை முந்நூறாக்கி, அந்தப் பொய்க்கு மட்டும் மனசு இடம் கொடுத்தது. அவர் வாயில் விரலை வைத்து அவனைச் சும்மா இருக்கச் சொன்னார். வெகுநேரம் கேட்டார். முகத்தில் இருந்த கடுகடுப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. "நம்ம சீட்டத்தான் சொல்லுதா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்குக் கண்ணாடி இல்லாம பொடி எழுத்து தெரியாதுங்கா. டிரைவருமாருகிட்டயே சீட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுவேனாம், அவங்க சொன்னதுதான் எடையாம்… ஏ, எல்லாரும் சிரிக்காங்க." அவரும் சிரித்தார், கூச்சத்தோடு. பிறகு சிரிப்பு அடங்கியது. "அதுக்காகத்தான் எழுத்தப் பெரிசா வச்சாளாம். எங்கிட்ட சொன்னதே இல்ல." திடீரென்று கையிலிருந்த பை ஞாபகம் வந்தவராகப் பதறினார். "இந்தாங்க, சார்ஜர வீட்டுல விட்டுட்டு வந்துட்டா. அந்த டப்பா அரை மணி நேரந்தான் தாங்கும், அதுக்குமேல அணைஞ்சிரும். அதான் எடைமேடையப் பூட்டிட்டு வந்தேன். நடுவுல அணைஞ்சிட்டுன்னா புள்ள என்ன செய்வா?"

"ஏறுங்க அண்ணாச்சி" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினான். வாசலைத் திரும்பிப் பார்த்தான். வாட்ச்மேன் கையசைத்தார். "போயிட்டு வாங்க சார். யாராச்சும் பைய மாட்டிக்கிட்டு வந்தா நான் சொல்லுதேன். வண்ணார்பேட்டை, கல்யாண மண்டபம், அதான?"

முருகன்குறிச்சி தாண்டும்வரை எதிர்காற்று ஆளையே தள்ளியது. அவர் பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதில் அழுத்தியிருந்தார். "இப்ப என்ன சொல்லுதா?" என்று கோமதிநாயகம் தலையைத் திருப்பிக் கத்தினான். "என்னமோ வரிங்கா, பிழைங்கா, எனக்குப் புரியல. எல்லாம் கைதட்டுதாங்க." கொஞ்ச தூரம் போனது. "முடிச்சிட்டாளா?" "இல்ல, கேள்வி கேக்காங்க. இருங்க." ஒரு லாரி கடந்து போனது. "இத எவ்வளவுக்கு வித்தீங்கன்னு ஒரு பய கேக்கான்" என்றார். கோமதிநாயகம் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினான்.

"அண்ணாச்சி? என்ன சொன்னா?"

"விக்கலயாம்" என்றார் அவர். "கோவில்பட்டி ரோட்டுல இன்னும் நாலு எடைமேடைக்குக் குடுத்திருக்காளாம். சும்மாதான் குடுத்தேங்கா."

மண்டபத்து வாசலில் கட்டியிருந்த பேனர் காற்றில் எழும்பி எழும்பி அடிப்பது தூரத்தில் தெரிந்தபோது, அவர் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சீக்கிரம் விடுங்க சார். சார்ஜர் வேணும்லா அவளுக்கு."